முன்னால் போகும் மொபெட்

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி மூன்று ஆண்டுகள் என்னோடு வேலை பார்த்த இளம் ஆய்வாளர் ஒருவர், தம் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சு சீக்கிரமே கல்யாணத்தை விட்டு வேலைக்குப் போய்விட்டது. எங்கள் துறையில் அது வழக்கம். அவர் இப்போது இருக்கும் ஊரில் லைசென்ஸ் தேர்வைக் கம்ப்யூட்டர்தான் எடுக்கிறதாம். தரையில் சென்சார், கம்பத்தில் கேமரா. கோட்டைத் தொட்டால் சத்தம் போடுகிறது, மதிப்பெண்ணைக் குறைக்கிறது, யார் சிபாரிசும் அதற்குக் கேட்பதில்லை.

"எல்லாத்தையும் கரெக்டா புடிக்குது சார். ஆனா ஓவர்டேக்கிங் மட்டும் இல்ல. டிராக்ல ஒரே ஒரு வண்டி தனியா போவுது. அது யாரை முந்தும்? நீங்கல்லாம் எப்படிப் பார்த்தீங்க?"

"முன்னாடி யாராவது போகணும். எனக்கு ஒருத்தர் போனார்" என்றேன்.

கதையைக் கேட்டுவிட்டு, புதிதாக வருபவர்களுக்குக் காட்ட வேண்டும், எழுதித் தாருங்கள் என்றார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பதவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். மக்கள் வைத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுப்பதும், விபத்தில் சிக்கிய வண்டியைச் சோதித்து பிரேக் வேலை செய்ததா என்று எழுதுவதும், லைசென்ஸ் கேட்டு வருபவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் எங்கள் வேலை. நான் பார்த்தவரையில் பிரேக் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. அதை மிதிக்க வேண்டியவர் அந்த நேரத்தில் வேறு எதையோ மிதித்துக்கொண்டிருந்தார்.

டிப்ளமோ படித்து, பட்டறையில் கை கறுத்து, தேர்வெழுதி வேலைக்கு வந்ததை இந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறேன். தொழிலைக் கற்றுக்கொண்டது திண்டிவனத்தில், தேவசகாயம் என்ற மூத்த ஆய்வாளரிடம். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. குரலே எழும்பாது, தேர்வுக்கு வந்தவர்கள் காதை அவர் வாய்ப் பக்கம் கொண்டுபோய்த்தான் கேட்பார்கள். ஓட்டுகிறவர் தவறு செய்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் துடைப்பார். துடைத்து மாட்டியதும், "அடுத்த வாரம் வாங்க" என்பார். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் இதைக் கண்டுபிடித்துத் தங்கள் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருமுறை வெறும் தூசிக்காக அவர் கண்ணாடியைக் கழற்ற, ஓட்டிக்கொண்டிருந்தவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். நாங்கள்தான் பின்னால் ஓடி அவரைக் கூப்பிட்டு வந்தோம்.

விபத்து நடந்த இடத்துக்கு அவரோடு போனால், நசுங்கிய வண்டியை உடனே பார்க்க விடமாட்டார். "இடிச்ச இடத்தை ஊரே பாக்குது தம்பி. அவன் முந்துறதுக்கு வெளிய எடுத்தான் பாரு, அந்த இடத்தைப் போய்ப் பாரு" என்பார். சாலையில் பின்னோக்கி நடப்போம். அங்கே பெரும்பாலும் ஒரு வளைவு இருக்கும். இல்லாவிட்டால் குறுகிய பாலம், எதிரே வருவது தெரியாத மேடு, அல்லது நடுவில் விடாமல் இழுத்த கோடு. சாலை போட்டவர்கள், இங்கே முந்தாதே என்று தரையிலேயே எழுதிவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

லைசென்ஸ் கேட்டு வருபவர்களிடம் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "முந்துனதுக்கு அப்புறம் இன்னா பண்ணுவே?"

முந்துவது எப்படி என்று எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார்கள். அப்புறம் என்ன என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். "டாட்டா காட்டுவேன் சார்" என்றார் ஒரு கல்லூரி மாணவர். "அவன் மறுபடியும் நம்மள முந்தாம பாத்துக்குவேன் சார்" என்றார் லாரியில் கிளீனராக இருந்து ஓட்டுநராக விரும்பியவர். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒருவர் கொஞ்சம் யோசித்து, "டீ குடிப்பேன் சார்" என்றார். தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றவில்லை. "இவர் ஒருத்தர்தான் பார்த்ததைச் சொல்றார்" என்று என்னிடம் சொன்னார். அது உண்மைதான். வளைவில் பஸ்ஸை உரசிக்கொண்டு முந்திய கார், அடுத்த டீக்கடையில் நிற்கும். பஸ் அதைத் தாண்டி அமைதியாகப் போகும்.

சரியான பதில் இது. முந்தப்பட்ட வண்டி முழுதாக உள்கண்ணாடியில் தெரியும்வரை வலப்பக்கமே போக வேண்டும். பிறகு இடப்பக்க சிக்னல். பிறகுதான் இடப்பக்கம் வர வேண்டும். "பாதி தெரியும்போதே உள்ள வந்தா, மீதி பாதி உன் டிக்கில தெரியும்" என்பார் தேவசகாயம்.

அவருடைய ஜீப் அவசியமில்லாமல் எதையும் முந்தாது. ஒருமுறை விழுப்புரத்தில் நடந்த கூட்டத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். ஏன் தாமதம் என்று மேலதிகாரி கேட்டார்.

"முன்னாடி வைக்கோல் டிராக்டர் போச்சுங்க சார்."

"திண்டிவனத்துலேருந்தா?"

"ஆமாங்க சார். நல்லா ஓட்டினார்."

இனி விழுப்புரத்துக்கு வருகிறேன். நான் அங்கே ஆய்வாளராக இருந்தபோது, தேர்வுக்குக் கெடார் போகும் சாலையில் நேரான ஒரு பகுதியைப் பயன்படுத்துவோம். ஓட்டுநர் செய்துகாட்ட வேண்டியவற்றில், மற்ற வண்டியைப் பாதுகாப்பாக முந்துவதும், மற்றவர் முந்த வழிவிடுவதும் உண்டு. முதலாவது எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டாவது அந்தப் பக்கம் யாருக்கும் பிடிக்காது. பின்னால் ஹாரன் கேட்டதும் கால் தானாக ஆக்சிலேட்டருக்குப் போகும். "முந்துறவன் வரும்போது ஸ்பீடு ஏத்தக் கூடாது" என்று சொன்னால், "ஏத்தல சார், அதுவா ஏறுது" என்பார்கள்.

அமுதா இந்த ரகமில்லை. முப்பது வயதிருக்கும். கண்டமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். குடும்பத்தில் எல்லோரும் விவசாயக் கூலி வேலை. கணவர் சென்னையில் பெயின்ட் அடிக்கிறார். அமுதா புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்வந்தார். சுற்று வட்டாரத்துப் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போக கம்பெனி வேன் வரும். அதை ஓட்டியவர் போதையில் வந்து வேலையை இழந்தபின், இனிமேல் பெண் ஓட்டுநர்தான் வேண்டும் என்று அந்தப் பெண்களே கேட்டு வாங்கியிருந்தார்கள். அமுதாவைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள்தான். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சொன்னவர் பாஸ்கர், அவருக்குக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர். "கை சுத்தம் சார். எட்டு மாசத்துல என் கிளட்ச்ச காப்பாத்தின ஒரே ஆளு" என்றார்.

கை சுத்தம்தான். வண்டியை எடுத்ததும் நிறுத்தியதும் தெரியவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததும் வேகத்தைக் குறைத்து ஓரம் கொடுத்தார். அந்தச் சாலையில் அப்படியொரு காட்சியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பிறகு நேர்ச்சாலை வந்தது. முன்னால் ஒரு மொபெட். பின்னால் மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டை, ஓட்டுபவர் தோளில் பச்சைத் துண்டு. மாட்டு வண்டி முந்திவிடும் வேகம்.

"முந்துங்கம்மா" என்றேன்.

"முன்னாடி வண்டி போவுது சார்."

"அதைத்தான் முந்தச் சொல்றேன்."

"இருக்கட்டும் சார். அவரு போவட்டும்."

"எதிர்ல எதுவும் வரலை. கோடும் விட்டு விட்டுத்தான் இருக்கு. சிக்னல் போட்டு எடுங்க."

"பெரியவரு சார். பாவம்."

நேர்ச்சாலை முடிந்தது. முந்தப் பயப்படுகிறார் என்று முடிவு செய்து, அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

அடுத்த வாரமும் மொபெட் முன்னால் போனது. மூட்டை இல்லை. துண்டு அதே பச்சை. இந்த முறை நான் காரை விட்டுவிட்டு மொபெட்டைக் கவனித்தேன். அந்தப் பெரியவர் இரண்டு மின்கம்பத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குறுக்கே வந்த நாயைத் துண்டால் விரட்டினார். எதிரே டவுன் பஸ் வந்ததும் உள்ளங்கையை விரித்துக் கையை உயர்த்தினார். பஸ் நின்றேவிட்டது. எதற்காக நின்றோம் என்று தெரியாமல் ஓட்டுநர் தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார்.

"யாரும்மா அவரு?"

பின் சீட்டிலிருந்து பாஸ்கர் இருமினார். "அவங்க மாமனாரு சார். ஏழுமலைன்னு பேரு."

"உங்களுக்கு முதல் தடவையே தெரியுமா?"

"தெரியும் சார். குடும்ப விசயம்னு உட்டுட்டேன்."

நான் அமுதாவைப் பார்த்தேன். அவர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவரு வந்தா வீட்ல நான் எழுந்து ஓரமா நிப்பேன் சார். தெருவுலகூட அவருக்கு முன்னாடி நடந்ததில்ல. இப்ப ஆரன் அடிச்சி, ஒதுங்குன்னு சொல்லிக்கினு எப்படி சார் போறது?"

"அவரை வர வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அதையும் எப்படி சார் சொல்றது?"

சட்டப் புத்தகத்தில் வளைவு, பாலம், மேடு, விடாத கோடு எல்லாம் இருக்கிறது. மாமனார் இல்லை. இரண்டாவது முறையும் ஃபெயில் போட்டேன். மூன்று முறை தவறினால் அறுபது நாள் கழித்துத்தான் மறுபடி தேர்வு. அதாவது வேன் போய்விடும். அமுதாவுக்கு அது தெரியும். கும்பிட்டுவிட்டு வண்டியை விட்டு இறங்கினார்.

ஏழுமலையைக் கூப்பிட்டேன். மருமகள் வேலைக்குப் போவதைத் தடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, கொஞ்சம் கடுமையாகப் பேசத் தயாராக இருந்தேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எதுக்குங்க முன்னாடி முன்னாடி போறீங்க?"

"பொண்ணு மொத தபா மெயின் ரோட்ல ஓட்டுதுங்க. பஸ்காரன்லாம் கண்ண மூடிக்கினு வர்றான். அதான் நான் முன்னாடி வழி பண்ணிக்கினு போறேன். மந்திரி போனா முன்னாடி வண்டி போவுதுல்ல? எம் மருமவளுக்குப் போனா இன்னா தப்பு?"

"ரெண்டு தடவையும் அவங்க ஃபெயில் ஆனது எதனாலன்னு தெரியுமா?"

"இந்தத் தம்பி சரியா சொல்லித் தரல" என்று பாஸ்கரைக் காட்டினார்.

"உங்களாலதான். உங்களை முந்தணும். அவங்க முந்த மாட்டேங்கிறாங்க."

ஏழுமலைக்கு இது புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் முகம் வாடியது. "என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க" என்றார். பிறகு, "சரிங்க. இனிமே முன்னாடி போவல. சத்தியம்" என்றார்.

சத்தியத்தைக் காப்பாற்றினார். மூன்றாவது தேர்வில் அவர் பின்னால் வந்தார்.

சாலையில் திரும்பிச் சிறிது தூரம் போனதும் பக்கக் கண்ணாடியில் பச்சைத் துண்டு தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பஸ். பஸ் ஹாரன் அடித்தது. ஏழுமலை வலப்பக்கம் போய் மறித்தார். பஸ் இடப்பக்கம் வந்தது. அவரும் இடப்பக்கம் வந்தார். மருமகளை யாரும் முந்தக்கூடாது என்று காவல் காக்கிறார் என்று தெரிந்தது. பஸ் ஓட்டுநரின் குரல் எங்கள் கார் வரை கேட்டது. அதில் ஏழுமலையின் முன்னோர் சிலர் குறிப்பிடப்பட்டார்கள்.

"பாஸ்கர், இதையும் குடும்ப விசயம்னு விட்டுட்டீங்களா?"

"பஸ் ஸ்டாண்டாண்டயே மொபெட்டோட நிக்க வெச்சுட்டுதான் சார் வந்தேன். எப்படி வந்தாருன்னு தெரியல."

முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. இரண்டு டிரெய்லர், இருபுறமும் கரும்பு பிதுங்கிக்கொண்டு, உள்ளே பாட்டு அலறிக்கொண்டு. அதை ஓட்டுபவருக்குப் பின்னால் உலகமே கிடையாது. "இதை முந்தணும்" என்றேன். பெரியவர்தான் பின்னால் இருக்கிறாரே என்று எனக்கும் ஒரு நிம்மதி.

அமுதா வலப்பக்க சிக்னல் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார். வண்டியை எடுக்கவில்லை. எனக்குச் சலிப்பாக இருந்தது. அதற்குள் எங்கள் வலப்பக்கமாக மொபெட் சீறிக்கொண்டு போனது. முன்னால் வழி எப்படி என்று பார்த்துச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. பின்னால் இருப்பவர் நம்மை முந்தத் தொடங்கிவிட்டால் நாம் வெளியே எடுக்கக் கூடாது. அது விதி. அமுதா அதைத்தான் செய்திருந்தார்.

ஏழுமலை டிராக்டரையும் முந்தி அதன் முன்னால் போய், கையை வீசி வா வா என்றார்.

"மாமனார் கூப்பிடுறாரே" என்றேன். வேண்டுமென்றுதான் சொன்னேன். இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். தேவசகாயம் சொல்வார்: "கை காட்டுறவன் உன் சீட்ல இல்ல தம்பி."

"அவருக்குத் தெரியறது எனக்குத் தெரியல சார்" என்றார் அமுதா. காத்திருந்தார். எதிரே ஒரு பால் வேன் வந்து கடந்தது. அதன் பிறகும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து, டிராக்டருக்கு அப்பால் வெகுதூரம் பார்த்து, காலி என்று உறுதியானதும் ஹாரன் அடித்து வெளியே எடுத்தார். முதல் டிரெய்லர், இரண்டாவது டிரெய்லர், இன்ஜின் என்று எல்லாம் பின்னால் போனது.

இப்போதுதான் சிக்கல். டிராக்டரின் மூக்குக்கு நேர் முன்னால் ஏழுமலை, மருமகள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தபடி ஊர்ந்துகொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கார் நுழைய இடமில்லை. ஒன்று பின்வாங்கி டிராக்டருக்குப் பின்னால் போக வேண்டும். இல்லை, மாமனாரையும் சேர்த்து முந்த வேண்டும். எதிரே தொலைவில் வேறொரு பஸ் புள்ளியாகத் தெரிந்தது. நேரம் இருந்தது, ஆனால் யோசிக்கும் அளவுக்கு இல்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் இருக்கும் பிரேக்கின் மேல் என் காலை வைத்துக்கொண்டேன்.

அமுதா இன்னொரு முறை ஹாரன் அடித்தார். அழுத்தமாக, நீளமாக. ஏழுமலை திடுக்கிட்டு ஓரத்துக்குப் போனார். கார் அவரைக் கடந்தபோது, கண்ணாடி ஏற்றியிருந்த வண்டிக்குள் அமுதா மெல்லிய குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"மன்னிச்சிக்குங்க மாமா."

ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணாடியில் மொபெட்டும் அதன் பின்னால் டிராக்டரும் முழுதாகத் தெரிந்தபின், இடப்பக்க சிக்னல் போட்டு இடப்பக்கம் வந்தார். எதிரே வந்த பஸ் நிதானமாகக் கடந்து போனது. நான் தேவசகாயத்தின் கேள்வியைக் கேட்கவில்லை. பாஸ் என்றேன். பாஸ்கர் பின் சீட்டில் கைதட்டினார். அமுதா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்" என்றார். முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அலுவலகத்தில் ஏழுமலை மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "பாஸுங்களா?"

"பாஸ்."

"எவ்ளோ சத்தமா ஆரன் அடிக்குது பாத்தீங்களா?" என்றார். புகாரா பெருமையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எனக்கு வேறொரு கடமை பாக்கியிருந்தது. "உங்க லைசென்ஸைக் காட்டுங்க."

"எனக்கா? லைசென்ஸா? இந்த வண்டிக்குமா அதெல்லாம்?"

"ஆமா, இதுக்கும்தான்."

"நான் இதுவரைக்கும் யாரையும் முந்தினதில்லீங்க. ஓரமா போய்க்கினு ஓரமா வர்ற ஆளு."

"இன்னிக்கு ரெண்டு வண்டியை முந்தினீங்க. ஒரு பஸ்ஸை முந்த விடலை."

மொபெட் அலுவலக வளாகத்தில் இருக்கட்டும், லைசென்ஸ் உள்ள யாராவது வந்து எடுத்துப் போகட்டும், நீங்கள் எல்.எல்.ஆர். போட வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போக அவருக்கு டிரைவிங் ஸ்கூல் கார்தான் கதி. பாஸ்கர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அமுதாவே ஓட்டிக்கொண்டு போனார். ஏழுமலை பின் சீட்டில் ஏறினார்.

அமுதாவின் லைசென்ஸ் மாதக் கடைசிக்கு முன்பே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. வேனும் அவர் கைக்கு வந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பாஸான அன்று மூவரும் காரில் ஊருக்குத் திரும்பியபோது நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த தேர்வுக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்தபோது பாஸ்கர் சொன்னது இது.

கோலியனூர் தாண்டும்வரை பெரியவர் சும்மா இருந்தாராம். அதற்கப்புறம் வாய் ஓயவில்லை. "அந்த ஆட்டோவ முந்து. இன்னா அவன் பின்னாடியே போய்க்கினு இருக்க? அவன் போறான் பாரு, உடாத. ஜல்தி, ஜல்தி! இன்னும் நல்லா ஆரன் அடி!" அமுதா தன் வேகத்திலேயே ஓட்டினாராம். வளவனூர்ப் பக்கம் ஒரு வளைவு, முன்னால் செங்கல் ஏற்றிய லாரி. ஏழுமலை கண்ணாடியை இறக்கி, இடுப்புவரை வெளியே நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "நான் பாத்துட்டேன், ஒண்ணும் வர்ல. முந்து!" என்று கத்தினாராம்.

அமுதா உள்கண்ணாடியில் அவரை நேராகப் பார்த்தார்.

"மாமா. தலைய உள்ள எடுங்க. பேசாம உக்காருங்க."

"எனக்கு மூச்சே நின்னு போச்சு சார்" என்றார் பாஸ்கர். "பிரேக் மேல கால வெச்சுக்கினேன். பெரியவரு எறங்கிடுவாருன்னு நெனச்சேன்."

"எறங்கினாரா?"

"தலைய உள்ள எடுத்தாரு. கண்ணாடிய ஏத்தினாரு. ரெண்டு கையையும் மடியில வெச்சிக்கினு உக்காந்துட்டாரு. கண்டமங்கலம் தாண்டி அவங்க ஊரு வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. தெருவுல எறங்கினதும், உன் வண்டி எங்கன்னு யாரோ கேட்டாங்க."

"இன்னா சொன்னாரு?"

"'எம் மருமவ ஓட்டிக்கினு வந்தா. நான் பின்னாடி உக்காந்துக்கினு வந்தேன்'னு சொன்னாரு சார். கேட்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ஆனா ரெண்டு தபா சொன்னாரு."